நாற்பத்து மூன்றாம் அடிக்குறிப்பு

சார்ஜா முவைலா லேபர் கேம்ப்பில் இருபத்தொன்பதாம் நம்பர் அறைக்கு வெள்ளிக்கிழமை மீன்குழம்பு கார்மேகத்தின் பொறுப்பு. வாரத்தில் ஆறு நாள் மெஸ்ஸில் போடுகிற பருப்பையும் குப்பூஸ் ரொட்டியையும் தின்று மரத்துப்போன மூன்று நாக்குகளுக்கும் அன்றைக்குத்தான் உயிர் வரும். பாலகுரு வெங்காயம் உரிப்பான். ஞானாபரணத்துக்குப் புளி கரைக்கிற வேலை. காலையில் ஆராதனைக்குப் போய்விட்டு வந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கைலியோடு உட்கார்ந்து அவர் புளி பிசைகிற விதத்தைப் பார்த்தாலே கார்மேகத்துக்குச் சிரிப்பு வரும். ஒரு கொட்டை, ஒரு நார் விடாமல் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பார்.

"சார், அது புளி சார். பரிச்சைப் பேப்பரு இல்ல. சும்மா பெசஞ்சு ஊத்துங்க."

"இரும் வே, நார் கெடக்கு."

"நாரு கெடக்கட்டும். கோட்டுக்கு அளவு குடுக்க இன்னிக்காவது போறீகளா இல்லையா?"

"எனக்கு எதுக்கு வே கோட்டு?"

"எதுக்கா? நாலு பெரியமனுசக முன்னாடி உக்காந்து பதில் சொல்லி டாக்டர் பட்டம் வாங்கப்போற ஆளு, டைம்கீப்பர் சட்டையோடயா போவீக? முதுகுல கம்பெனி பேரு எழுதியிருக்கும். அதைப் பாத்துட்டு வாட்ச்மேன் பொறவாசல் வழியாப் போகச் சொல்லுவான்."

பாலகுரு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "ஊசி போடாத டாக்டருக்குமா அண்ணே கோட்டு?"

"ஊசி போடுறவருக்கு வெள்ளக் கோட்டு. இவருக்குக் கறுப்பு. பொத்திக்கிட்டு வெங்காயத்தை உரி."

ஞானாபரணம் சபைச் சரித்திரம் படித்தவர். பாளையங்கோட்டைக்காரர். ஒரு வேதாகமக் கல்லூரியில் ஒன்பது வருஷம் தற்காலிக ஆசிரியராக, முதல் நூற்றாண்டு தொடங்கி மிஷனரிமார் காலம் வரைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். பட்டம் முடிக்காதவர்களுக்கு இனி வகுப்பு இல்லை என்று ஒரு வருஷம் விதி வந்தது. நாற்பத்து மூன்று வயதில் சார்ஜாவுக்கு விமானம் ஏறினார். நானூற்றுப் பன்னிரண்டு ஆட்களுக்கு சைட்டில் வருகை குறிக்கிற வேலை. நான்கு வருஷம் ஓடிவிட்டது. இப்போது ஏப்ரல் பதினாறாம் தேதி அவருக்கு வாய்மொழித் தேர்வு. மே முப்பத்தொன்றோடு பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு முடிகிறது. ஜூனில் பழைய கல்லூரியில் சபைச் சரித்திர ஆசிரியர் இடம் நிரந்தரமாகக் காலியாகிறது. கையில் பட்டத்தோடு வந்தால் இடம் அவருக்கு என்று முதல்வரே மனைவி மேபலிடம் சொல்லியிருந்தார். லீவும் கிடைத்துவிட்டது. போனால் திரும்பி வரவேண்டிய தேவை இருக்காது.

இவ்வளவும் ஒரு நோட்டால் வந்தது. சார்ஜாவுக்கு வந்த முதல் வருஷம், ஆராதனை நடக்கிற ஹாலில் பழைய பாட்டுப் புத்தகங்களுக்கு அடியில் கிடந்து அவர் கைக்குக் கிடைத்த நீளநோட்டு. துபாய் சத்வாவில் எழுபத்தொன்று முதல் எழுபத்தாறு வரை கூடிவந்த தமிழ் ஜெபக்கூட்டத்தின் குறிப்பு. எழுதியவர் சாயர்புரத்துத் துரைமாணிக்கம், தச்சு வேலைக்கு வந்தவர். தேதி போடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஊர்க் கோயிலில் கற்ற முறைப்படி சபை நாட்காட்டியை மட்டும் எழுதுவார்: 'திரித்துவத்துக்குப் பின்வரும் நாலாம் ஞாயிறு. பதினோரு பேர். சங்கீதம் 121. தேயிலை இல்லை, சேகு காக்கா கடை அடைப்பு.' ஞானாபரணம் பழைய தலைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வளைகுடாத் தமிழ்ச் சபைகளின் தொடக்கத்தை ஆய்வாக எடுத்தார். திரித்துவத் திருநாள் ஈஸ்டரோடு நகரும் என்பதால் ஒவ்வொரு வருஷத்து ஈஸ்டரையும் கணக்கிட்டு, அத்தனை ஞாயிறுக்கும் ஆங்கிலத் தேதி கண்டுபிடித்து, இருநூற்று அறுபது வரிக்கு ஒரு கால அட்டவணை தயாரித்தார். புறப்பரிசோதகர் தம் அறிக்கையில் அந்த அட்டவணையைத்தான் பாராட்டி எழுதியிருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் கார்மேகம் கையோடு அவரை கேம்ப் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். "சத்வாவுக்குப் போங்க. அங்கதான் தையல்காரங்க. அளவு குடுக்காம இந்தக் கதவுப் பக்கம் வந்துராதீக."

*

ரோலாவில் பஸ் மாறி சத்வாவில் இறங்கும்போது மணி இரண்டே முக்கால். தெருவே ஷட்டர் போட்டுக் கிடந்தது. மார்ச் கடைசி; வெயில் இன்னும் கடிக்க ஆரம்பிக்கவில்லை. யாரோ சொல்லிவிட்ட கடையைத் தேடிக் கண்டுபிடித்தார். துணியும் விற்று, பின்னால் மிஷின் போட்டுத் தைத்தும் கொடுக்கிற கடை. அதுவும் சாத்தியிருந்தது. ஒரு டீ குடிக்கலாம் என்று பார்த்தால் பக்கத்து கபேயும் அடைப்பு. கடைப்படியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து நான்கு மணிவரை காத்திருந்தார். தேர்வில் கேட்பார்கள் என்று தோன்றிய கேள்விகளுக்கு மனதுக்குள் பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையைத் திறந்தவர் அப்துல் ஹாதி. ஐம்பதை நெருங்கிய ஆள், கழுத்தில் அளவு நாடா. கூடவே, கைத்தடி ஊன்றிக்கொண்டு, வெள்ளைத் தொப்பியோடு அவருடைய வாப்பா வந்தார். உள்ளே வந்ததும் தமக்கென்று போட்டிருந்த நாற்காலியில் சாய்ந்து, வந்தவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊரு?"

"பாளையங்கோட்டை, ஐயா."

"நம்ம பக்கம்தான். நமக்குக் காயல்பட்டணம். கோட்டு எதுக்கு? ரெண்டாம் கலியாணமா?"

"வாப்பா!" என்றார் அப்துல் ஹாதி, தோளளவை எழுதிக்கொண்டே.

"கேட்டா என்னா? மனுசன் தலையில மையெல்லாம் பூசியிருக்காரு."

ஞானாபரணம் சிரித்துவிட்டு விவரம் சொன்னார். படிப்பு, பட்டம், ஜெபக்கூட்டத்து நோட்டு. சத்வாவில் சேகு காக்கா கடை என்று ஒரு பலசரக்குக் கடை இருந்ததாம், மூன்று வருஷமாகத் தேடுகிறேன், தெரிந்த ஆளே இல்லை என்றார்.

கிழவர் தடியைக் காலுக்கிடையில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "செய்கு முகம்மதுன்னு கேட்டிருந்தா ஒரு நிமிசத்துல காட்டியிருப்பாங்களே. நான்தான். இதே இடந்தான். அப்ப அரிசி பருப்பு வித்தேன். துணிக்கடை ஆக்குனது இவன். பின்னால பலகை வீடு ஒண்ணு இருந்துச்சு. அதுலதான் உங்க ஆளுவ பாட்டுப் படிப்பாங்க. துரை மேஸ்திரி, மெலிஞ்ச ஆளு, குரலு மட்டும் கணீர்னு இருக்கும்."

ஞானாபரணத்தின் கை தானாகப் பையிலிருந்த நோட்டைத் தேடிப் பேனாவைத் திறந்தது. "தேயிலைகூட வாங்க முடியாத நிலைமையிலே கூட்டம் நடத்தியிருக்காங்க ஐயா. அறுபத்தோரு தடவை எழுதியிருக்காரு. அதைப் பத்தித் தனியாவே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கேன். 'தேயிலையில்லாத ஐக்கியம்'னு தலைப்பு."

"என்னாது?"

"கடை அடைப்புன்னா கடன் கிடையாதுன்னு அர்த்தம் எடுத்திருக்கேன். வறுமையிலேயும் அவங்க..."

கிழவர் வயிறு குலுங்கச் சிரித்தார். இருமல் வந்து, மகன் தண்ணீர் கொடுத்து, குடித்து முடித்துத் திரும்பவும் சிரித்தார். "வறுமையா? துரை மேஸ்திரி என்னைய விடச் சம்பாரிச்சாருங்காணும்! வெள்ளிக்கிழம ஜும்மாவுக்கு நான் கடையச் சாத்திட்டுப் போயிருவேன். இவங்க பாட்டு முடிச்சு வந்து பாத்தா கடை அடைப்பு. வாரா வாரம் இதே சண்டை. 'காக்கா, ஒரு பொட்டலத்த வெளிய வச்சுட்டுப் போனா என்னா'ம்பாரு. 'எறும்பு தின்னும் மேஸ்திரி'ம்பேன். இதையா அறுபது தடவ எழுதி வச்சாரு மனுசன்?"

"வெள்ளிக்கிழமையா?"

"பின்னே? லீவு என்னைக்கு? ஞாயித்துக்கிழம சைட்டுல ஆணியடிக்காம ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தா விசா குடுத்த கபீல் விடுவானா?"

தையல் மிஷின் எங்கோ ஓடி நின்றது. ஞானாபரணம் பேனாவை மூடினார். திரும்பத் திறந்தார். "துரைமாணிக்கம் இறந்தது ஞாபகம் இருக்கா, ஐயா?"

கிழவரின் சிரிப்பு மெல்ல அடங்கியது. "அது நோன்பு பிடிச்ச மொத வெள்ளி. பாட்டு முடிஞ்சு ரோட்டத் தாண்டும்போது பிக்கப்பு அடிச்சிருச்சு. நான் ஜும்மா முடிச்சு வந்துக்கிட்டிருக்கேன், வெள்ளை உடுப்போட. நான்தான் தூக்கி வண்டியில போட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவுலயே நின்னேன். நோன்பு தொறக்குற நேரம், எவனோ கையில ஒரு பேரீச்சம்பழத்த வச்சான். பாத்தா கையெல்லாம் ரத்தம். கழுவிட்டு வந்து தின்னேன். தின்னு முடிக்கவும் உள்ள இருந்து வந்து, கலாஸ், முடிஞ்சிருச்சுன்னுட்டாங்க." தடியின் பிடியைத் தடவினார். "அன்னைக்கு மஃரிபு தொழுகைக்கு அப்புறம் தந்தி ஆபீசுக்குப் போயி அவரு ஊட்டுக்குத் தந்தியும் நானே அடிச்சேன். விலாசம் அவரு சட்டைப்பையில இருந்துச்சு."

"வெள்ளிக்கிழமையே தந்தி அடிச்சிட்டிய."

"சனிக்கிழம போயிச் சேந்திருக்கும். ஏன், சேரலையா?"

ஞானாபரணம் நோட்டைப் பையில் வைத்தார். அப்துல் ஹாதி சொன்னார்: "சார், கையைத் தொங்கப் போடுங்க. முறைச்சுப் பிடிச்சா அளவு தப்பாயிரும்."

*

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நெரிசலில் வண்டி ஊர்ந்தது. பையிலிருந்த தம் டைரியை எடுத்தார். அன்றைய பக்கம், மார்ச் இருபத்து மூன்று, வெள்ளி. காலையில் ஆராதனை முடிந்ததும் தம் கையாலேயே எழுதியிருந்தார்: 'லெந்து ஐந்தாம் ஞாயிறு. திருவிருந்து எடுத்தேன்.' போன வாரப் பக்கத்தைத் திருப்பினார். வெள்ளி, தவக்காலமான லெந்தின் நான்காம் ஞாயிறு. அதற்கு முந்தின வாரமும் அப்படியே. ஞாயிறு வேலைநாள் என்பதால் அந்த ஞாயிறின் ஆராதனை இங்கே முந்தின வெள்ளியே நடந்துவிடும். நான்கு வருஷமாக வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் ஞாயிறு என்று எழுதிவந்திருக்கிறார். அதே கையால்தான் துரைமாணிக்கத்தின் நாட்களை ஞாயிற்றுக்கிழமைகளாகக் கணக்கிட்டு அட்டவணையும் போட்டிருக்கிறார்.

எப்படி நடந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. ஆய்வு என்று உட்கார்ந்தால் மனது பாளையங்கோட்டைக்குப் போய்விடும். அங்கே கோயில் மணி அடிப்பது ஞாயிற்றுக்கிழமை. இந்த ஊரில் ஞாயிறு அன்று தாம் ஐந்தரை மணிக்கு சைட் கேட்டில் நின்று ஆட்களை எண்ணுகிறோம் என்பது ஆய்வுக்கு அகப்படவில்லை.

துரைமாணிக்கத்தின் நோட்டில் கடைசிக் குறிப்பு வேறொரு கையெழுத்தில் இருந்தது: 'திரித்துவத்துக்குப் பின்வரும் பதினோராம் ஞாயிறு. ஆராதனை முடிந்து போகையில் அண்ணன் வண்டி மோதி இறந்தார்.' அவர் அதற்குக் கண்டுபிடித்த தேதி 1976 ஆகஸ்டு 29. மூன்று வருஷத்துக்கு முன்னால் சாயர்புரத்துக் குருவானவர் மூலமாக துரைமாணிக்கத்தின் மகள் புஷ்பலீலாவின் விலாசம் பெற்று விவரம் கேட்டு எழுதியிருந்தார். தந்தி சனிக்கிழமை மத்தியானம் வந்ததாகத் தாயார் சொல்கிறார்கள் என்று அந்த அம்மாள் பதில் எழுதினாள். ஞாயிறு இறந்தவருக்குச் சனிக்கிழமை எப்படித் தந்தி வரும்? இவர் ஆதாரங்களை வரிசையாக எடுத்து எழுதி, இறந்தது இருபத்தொன்பதுதான் என்று தெளிவுபடுத்தி ஒரு நீண்ட கடிதம் போட்டார். ஆய்வேட்டிலும் விடவில்லை. நாற்பத்து மூன்றாம் அடிக்குறிப்பு: 'இறந்தவரின் மனைவி அருள்வடிவு தந்தி சனிக்கிழமை வந்ததாகக் கூறுவது முதுமையினால் வந்த நினைவுப் பிழை.'

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சைட் ஆபீசின் பின்னால் தகர நிழலில் நின்று வழிகாட்டிப் பேராசிரியர் பத்மநாபனுக்குப் போன் போட்டார். பத்மநாபன் முழுதும் கேட்டுக்கொண்டார்.

"ஞானம், ரெண்டு நாள் தள்ளிப்போச்சு. அவ்வளவுதானே? வைவா முடியட்டும். நாளைக்குப் புத்தகமாப் போடும்போது திருத்திக்கலாம்."

"வறுமைன்னு ஓர் அத்தியாயமே எழுதியிருக்கேன் சார். கடைக்காரர் தொழப் போயிருக்காரு."

"அதையும் திருத்திக்கலாம்யா. எக்ஸ்டர்னல் வடக்கே இருக்கிற மனுஷன். அவருக்கு வளைகுடாவிலே என்னைக்கு லீவுன்னு தெரியுமா? உனக்கே தெரியலையே!" பேராசிரியர் சிரித்தார், பிறகு குரலை இறக்கினார். "விதியையும் சொல்லிடறேன், கேட்டுக்கோ. வைவாவுக்கு முன்னாடி ஆய்வாளரே பிழைன்னு எழுதிக்கொடுத்தா ஏட்டைத் திருப்பி அனுப்பிடுவாங்க. திருத்தி மறுபடியும் கொடுக்க ஆறு மாசம். உனக்கு ரெண்டு மாசம் இருக்கு. புதுசாப் பதிவு பண்ணணும். அதுக்குள்ளே அந்தக் காலேஜ் இடம் உனக்காகக் காத்திருக்காது."

"தெரியும் சார்."

"தெரிஞ்சா நல்லது. டிக்கெட் போட்டாச்சில்ல? வந்து சேரு."

அன்று சாயங்காலம் மேபலிடம் சொன்னார். கேம்ப் சுவரோரம் போன் கார்டோடு நாற்பது பேர் நாற்பது ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினார்.

"ரெண்டு நாளா?" என்றாள் மேபல். "எந்த ரெண்டு நாளு?"

"ஞாயிறுன்னு எழுதினது வெள்ளி."

"அதுக்கு?"

பிழையை எழுதிக்கொடுத்தால் ஏடு திரும்பிவிடும், கல்லூரி இடமும் போய்விடும் என்று அவர் சொன்னார்.  அங்கே யாரோ பாத்திரம் விளக்குகிற சத்தம் கேட்டது, அவளேதான்.

"முன்னறையில இருந்த கட்டிலை எடுத்துட்டு உங்க மேசையப் போட்டாச்சு. டியூப் லைட்டும் மாட்டியாச்சு. சுவருக்கு வெள்ளை அடிச்சு மூணு நாளாவுது. எதுக்குச் சொல்லுதேன்னா, நாலு வருசமா நான் என்ன செஞ்சேன்னு உங்களுக்குத் தெரியணும்லா."

"தெரியும் மேபல்."

"தெரியாது. தெரிஞ்சா இப்படி ஒரு போன் போட மாட்டிய." தண்ணீரைச் சாய்த்தாள். "அந்த ரெண்டு நாளால யாருக்கு என்னங்க கெட்டுப்போச்சு? செத்தவருக்கா?"

 கார்டில் ஒரு நிமிடம் மீதமிருக்கிறது என்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் சொன்னது. அது தீரும்வரை அவர் மேபல் பாத்திரம் விளக்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

*

மேபல் கேட்டதற்குப் பதிலைத் தேடித்தான் வியாழக்கிழமை டூட்டி முடிந்து வந்ததும் புஷ்பலீலாவைக் கூப்பிட்டார். போனில் பேசுவது அதுதான் முதல்முறை. சாயர்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு பார்க்கிற அம்மாள். பெயரைச் சொன்னதும் குரல் மலர்ந்தது.

"சார்வாளா! அப்பா நோட்டைக் கண்டுபிடிச்ச சார்தான? நல்லாருக்கியளா? உங்க லெட்டரை பிரேம் போட்டு வச்சிருக்கேன் சார். அப்பா செத்த நாளு இன்னதுன்னு எங்களுக்கு நீங்கதான சொன்னிய. அப்பாவை அங்கயே அடக்கிட்டதால இங்க கல்லறைத்தோட்டத்துல ஞாபகக் கல்லு வச்சாச்சு. ஆகஸ்டு இருவத்தொம்பதுக்கு வருசா வருசம் கோயில்ல ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு அறிக்கை வாசிக்கச் சொல்லிருவேன்."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"அம்மா போன வருசம் கர்த்தருக்குள்ள போயிட்டாவளே. உங்களுக்குச் சொல்லலியோ?"

ஞானாபரணம் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"உங்க லெட்டர் வந்த நாளையில இருந்தே அம்மைக்கு ஒரு குழப்பம் சார். 'சனிக்கிழமை மத்தியானந்தான்ட்டீ தந்தி வந்துச்சு, உளுந்து காயப்போட்டுக்கிட்டிருந்தேன், மறுநா கோயிலுக்குப் போவணும்லா, அதான் அன்னைக்கே காயப்போட்டேன்'னு சொல்லிக்கிட்டே இருப்பாவ. நான்தான் சத்தம் போடுவேன். 'படிச்சவங்க கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சிருக்காங்க, ஒனக்கு வயசாயிட்டு'ன்னு. கடைசியில அவுங்களே ஒத்துக்கிட்டாவ. 'எனக்குப் புத்தி பெசகிட்டு போல. அவுக செத்த நாளைக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவளாப் போயிட்டேனே'ம்பாவ. அதுலயிருந்து அப்பாவைப் பத்திப் பேசுறதையே கொறச்சுக்கிட்டாவ. பேசினாத் தப்பாச் சொல்லிருவோமோன்னு பயம்."

போன் கார்டு வரிசையில் பின்னால் நின்ற ஆள் "யல்லா பாய், யல்லா" என்று அவசரப்படுத்தினான்.

"புஷ்பலீலாம்மா," என்றார். "அம்மா சொன்னதுதான் சரி."

"என்ன சார்?"

"நான்தான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன். இருவத்தேழு, வெள்ளிக்கிழமை. தந்தி சனிக்கிழமைதான் வந்திருக்கு. அடிச்ச மனுசரையே பாத்துட்டேன்."

 "உளுந்து காயப்போட்டிருந்தது நெசந்தான் அப்போ" என்றாள், யாரிடமோ சொல்வது போல.  திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது.

*

மறுநாள் வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் போகவில்லை. அறையில் மற்ற இரண்டு பேரும் எழுந்திருக்குமுன் கட்டிலில் பெட்டியைக் குப்புற வைத்து, மேலே காகிதத்தை வைத்து எழுதினார். பரீட்சைக் கட்டுப்பாட்டாளர் அவர்களுக்கு. பொருள்: ஆய்வேட்டில் காணப்படும் பிழைகள் குறித்து. ஒழுங்காக எண் போட்டார்.

'1. இரண்டாம் அத்தியாயத்தில் உள்ள கால அட்டவணையின் 260 தேதிகளும் தவறானவை. வளைகுடாவில் ஞாயிறு ஆராதனை அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நடக்கும். நான் நான்கு ஆண்டுகளாக அப்படித்தான் ஆராதித்துவருகிறேன். இருந்தும் கவனிக்கத் தவறினேன்.

2. நான்காம் அத்தியாயத்தில் ஜெபக்கூட்டத்தார் தேயிலை வாங்க இயலாத வறுமையில் இருந்ததாக எழுதியிருப்பது தவறு. கடைக்காரர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்.

3. நாற்பத்து மூன்றாம் அடிக்குறிப்பில் திருமதி அருள்வடிவு அவர்களுக்கு நினைவுப் பிழை என்று எழுதியுள்ளேன். அவர்கள் நினைவில் பிழையில்லை. பிழை என்னுடையது. மற்ற இரண்டையும் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டாலும், இந்த அடிக்குறிப்போடு என்னால் தேர்வுக்கு வந்து உட்கார இயலாது.'

கார்மேகம் எழுந்து பல் விளக்கிவிட்டு வந்து எட்டிப் பார்த்தான். "வீட்டுக்கா சார்?"

"இல்ல. பரிச்சைக்குப் போகலைன்னு எழுதுதேன்."

பிரஷ்ஷோடு நின்றவன் கட்டிலில் உட்கார்ந்தான். அவர் விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவன் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. படித்தவர் செய்கிற எந்தக் காரியமும் தனக்கு விளங்கப்போவதில்லை என்று முன்னமே முடிவுகட்டி வைத்திருந்தவன்தான். ஆனாலும் கேட்டான். "அந்தம்மாதான் செத்துப்போச்சே சார். இப்ப நீங்க எழுதினா அதுக்குத் தெரியவா போகுது?"

"தெரியாது."

"பெறகு?"

"அவுங்க சரியாத்தான் சொன்னாங்கன்னு எங்கயாவது எழுதியிருக்கணும்லா வே. தப்புன்னு எழுதிவச்சவன் நான்."

 கார்மேகம் எழுந்து, அடுப்பைப் பற்ற வைத்தான். "கோட்டைப் போயி வாங்கிட்டு வந்துருங்க. தச்சு வச்சிருப்பான். பாவம், அவனுக்கென்ன தெரியும்."

*

ஏடு திரும்பி வந்துவிட்டதாக மே மாதம் பத்மநாபன் எழுதினார். அதில் ஒரு வார்த்தையும் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஜூனில் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். பாலகுரு கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனான். அவன் கட்டிலுக்கு நேபாளத்து ஆள் ஒருவன் வந்தான். மூவருக்கும் பொதுவாகத் தெரிந்த இந்தி நாற்பது வார்த்தைகூட இருக்காது. அறையில் பேச்சு குறைந்துபோயிற்று. கறுப்புக் கோட்டு பிளாஸ்டிக் உறையோடு ஆணியில் தொங்கியது. நேபாளத்துக்காரன் முதல் நாள் அதைப் பார்த்து "பாயி, ஷாதி?" என்று, கல்யாணத்துக்கா எனக் கேட்டான். கார்மேகம் "சுப் ரஹோ" என்று அவன் வாயை அடைத்தான்.

மேபல் வாரம் ஒருமுறை பேசினாள். மழை, தண்ணீர் லாரி, தங்கச்சி வீட்டு விசேஷம். ஏட்டைப் பற்றி அவள் ஒருமுறைதான் பேசினாள், அதுவும் ஜூலைக் கடைசியில்: "மேசைக்கு மூடி தச்சுப் போட்டுருக்கேன். தூசி விழுதுன்னு."

"நல்லது."

"கட்டிலைத் திருப்பிப் போடலை" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சபை நாட்காட்டியில் துரைமாணிக்கம் இறந்த நாளான, திரித்துவத்துக்குப் பின்வரும் பதினோராம் ஞாயிறு வந்தது. ஆகஸ்டு பதினேழு, வெள்ளிக்கிழமை. ஆராதனை முடிந்ததும் அவர் அறைக்குத் திரும்பவில்லை. கார்மேகம் காலையிலேயே தேயிலை கொதிக்க வைத்து, இஞ்சி தட்டிப் போட்டு, பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்துவிட்டிருந்தான். மீன்குழம்புக்கு மத்தியானம் காத்திருக்க மாட்டேன் என்றும் சொல்லியிருந்தான்.

சத்வாவில் ஷட்டர்களெல்லாம் இறங்கியிருந்தன. ஆகஸ்டு வெக்கையில் சட்டை முதுகோடு ஒட்டியது. அதே படியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். பையில் புஷ்பலீலா அனுப்பிய போட்டோ இருந்தது. ஞாபகக் கல்லில் இருந்த 29-இல் ஒன்பதைச் சிமெண்டு வைத்து அடைத்து ஏழாக வெட்டியிருந்தார்கள். அடைத்த தடம் திட்டாகத் தெரிந்தது. போட்டோவுக்குப் பின்னால் ஒரே வரி எழுதியிருந்தாள்: 'தடம் தெரியுது சார். அம்மா சொன்னதைத் தப்புன்னு சொன்னது எனக்கும் தெரியட்டும்னு அப்படியே விடச் சொல்லிட்டேன்.'

தொழுகை முடிந்து ஆட்கள் தெருவை நிறைத்துப் போனார்கள். தெரு திரும்பவும் காலியான பிறகு, தடியை ஊன்றிக்கொண்டு, வெள்ளை உடுப்பில் செய்கு முகம்மது தனியாக வந்தார். படியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து நின்றார். பிளாஸ்கைப் பார்த்தார்.

"நாலு மணிக்குத்தானே தொறப்போம். மறந்துட்டியளா, சாரு?"

"மறக்கலை ஐயா. இன்னைக்குப் பதினோராம் ஞாயிறு."

கிழவர் அதற்கு விளக்கம் கேட்கவில்லை. தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மெல்ல அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். ஞானாபரணம் மூடியில் தேயிலை ஊற்றி நீட்டினார். கிழவர் இரண்டு கையாலும் வாங்கி, ஆவியை ஊதினார்.

"முப்பது வருசம் கழிச்சு," என்றார், "கடை அடைச்ச அன்னைக்கும் துரை மேஸ்திரி தேயிலைக்கு வழி பண்ணிட்டாரு."

அடைத்திருந்த ஷட்டரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருவரும் குடித்தார்கள்.